பெரிய எறும்புகளுக்கு ஒரு சிறிய கண்ணாடி: ரேநாக்ஸ் டிசிஆர்-250 மதிப்புரை

எறும்புகளைப் படம் எடுக்க விரும்புவோர் முதலில் கேட்பது, எத்தனை மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வேண்டும் என்பதைத்தான். 2 மி.மீ. நீளமுள்ள சிற்றெறும்பை மனத்தில் வைத்துக் கேட்கப்படும் கேள்வி அது. கட்டெறும்பு அளவுக்கும் அதற்கு மேலும் வளரும் காட்டெறும்புகளுக்கு அது அவ்வளவாகப் பொருந்துவதில்லை. 20 மி.மீ. நீளமுள்ள ஓர் எறும்பு, ஏபிஎஸ்-சி வகைச் சென்சாரின் (கேமராவுக்குள் படம் பதியும் சில்லில் ஒரு நடுத்தர அளவு) 23.5 மி.மீ. அகலத்தில் தன் உண்மை அளவிலேயே பதிந்தாலும், அதாவது ஒரு மடங்கில் பதிந்தாலும், படச்சட்டத்தின் இரு ஓரங்களையும் ஏறக்குறையத் தொட்டுவிடும். உணர்கொம்புகளும் நீட்டிய கால்களும் வெட்டுப்படாமல் அமைய வேண்டுமானால் 0.6 அல்லது 0.7 மடங்குக்கு இறங்கிவர வேண்டியிருக்கும். ஆகவே பெரிய எறும்புகளின் பின்னால் செல்பவருக்கு உருப்பெருக்கம் முதன்மையான சிக்கல் அன்று. எவ்வளவு தொலைவில் நின்று எடுக்கலாம், ஒளியை எங்கிருந்து தரலாம், எறும்பு ஒரு நொடி நிற்கும்போது கருவி ஆயத்தமாக இருக்குமா என்பவையே சிக்கல்கள். ரேநாக்ஸ் டிசிஆர்-250 என்னும் துணை வில்லையை 250 மி.மீ. வரை நீளும் ஒரு சாதாரண ஜூம் லென்ஸின் முகப்பில் மாட்டி, இரண்டு பருவங்கள் பெரிய எறும்புகளை மட்டுமே எடுத்துப் பார்த்த பிறகு, இந்த அளவுகோல்களை வைத்தே அதை மதிப்பிடுகிறேன்.

முதலில் அது என்ன என்பதைச் சொல்லிவிடுவது நல்லது, ஏனெனில் பலர் அதைத் தனி லென்ஸ் என்றே எண்ணுகின்றனர். ஜப்பானியத் தயாரிப்பான இது 8 டயாப்டர் (வில்லையின் திறனை அளக்கும் அலகு) திறன் கொண்ட குளோசப் வில்லை. ஏற்கெனவே கையில் உள்ள லென்ஸுக்கு முன்னால் வைக்கும் மூக்குக்கண்ணாடி போன்றது. உடன் வரும் பிடிப்பானை இரு விரல்களால் அழுத்தி விட்டால், 52 முதல் 67 மி.மீ. வரை ஃபில்டர் விட்டமுள்ள லென்ஸ்களின் திருகில் அது கவ்விக்கொள்ளும். வில்லையின் பின்புறத்தில் 43 மி.மீ. திருகு இருப்பதால், பிடிப்பானை விடுத்து, விட்டம் குறைக்கும் உலோக வளையம் ஒன்றின் மூலம் நேரடியாகத் திருகிக்கொள்வதும் எளிது. உள்ளே மின்னணு ஏதும் இல்லை. கேமராவுக்கு அது இருப்பதே தெரியாது. மொத்தமும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், சட்டைப் பையில் வைத்தால் கனம் தெரியாது.

அது தரும் உருப்பெருக்கத்தைக் கணக்கிடுவது கடினம் அன்று. முதன்மை லென்ஸை முடிவிலியில், அதாவது மிகத் தொலைவில் உள்ளது தெளியும் நிலையில், நிறுத்தினால், அதன் குவியத்தொலைவை மீட்டரில் எழுதி 8ஆல் பெருக்கினால் போதும். 100 மி.மீ.க்கு 0.8 மடங்கு, 150க்கு 1.2, 200க்கு 1.6, 250க்கு 2 மடங்கு. ஏபிஎஸ்-சி சென்சாரில் இதன் பொருள், 100 மி.மீ.யில் ஏறத்தாழ 29 மி.மீ. அகலமுள்ள காட்சியும், 250 மி.மீ.யில் 12 மி.மீ.க்குச் சற்றே குறைவான காட்சியும் கிடைக்கும் என்பது. முன்னது முழு எறும்பு, பின்னது அதன் தலையும் நெஞ்சும். கேமராவோடு சேர்ந்து வரும் சாதாரண கிட் லென்ஸின் 55 மி.மீ. முனையில் 0.44 மடங்கே கிடைக்கும். அதிலிருந்து அகலக் கோணத்துக்குப் போகப் போக, வில்லையின் விட்டம் சிறிது என்பதால் படத்தின் மூலைகள் இருண்டு, நடுவில் ஒரு வட்டம் மட்டும் எஞ்சும். இந்த வில்லையின் வாழ்வு நீள ஜூம்களோடுதான்.

இனி அந்த ஜூம் செய்யும் வேலைக்கு வருகிறேன். இந்த மதிப்புரையில் நான் சொல்ல விரும்புவதன் மையம் அதுதான். முழுமையான மேக்ரோ லென்ஸில், அதாவது நெருக்கப் படங்களுக்கென்றே செய்த லென்ஸில், உருப்பெருக்கத்தைக் கூட்ட வேண்டுமானால் எறும்பை நெருங்கியே ஆக வேண்டும். பாதி மடங்கில் ஓரிடத்தில் நின்றவர், முழு மடங்குக்கு இன்னும் பல சென்டிமீட்டர் முன்னே வளைய வேண்டும். டிசிஆர்-250 மாட்டிய ஜூமில் அப்படி இல்லை. 8 டயாப்டர் என்றால் குவியத்தொலைவு 125 மி.மீ.; முதன்மை லென்ஸ் முடிவிலியில் இருக்கும்வரை, 100 மி.மீ.யில் வைத்தாலும் 250 மி.மீ.யில் வைத்தாலும் எறும்பு வில்லையிலிருந்து அதே ஏறத்தாழ 12 செ.மீ. தொலைவில்தான் தெளிவாகத் தெரியும். ஒருமுறை அந்தத் தொலைவை எறும்பு ஏற்றுக்கொண்டுவிட்டால், அதன்பின் நான் அசையாமல் வளையத்தை மட்டும் திருப்பி, முழு உடலிலிருந்து முகத்துக்குப் போகலாம், முகத்திலிருந்து மீண்டும் முழு உடலுக்கு வரலாம். ஜூம் திருப்புகையில் குவியம் இம்மியளவு நகர்வதுண்டு, அதைக் கேமராவை ஒரு மயிரிழை முன்பின் அசைத்துச் சரிசெய்துகொள்ளலாம். சிற்றெறும்புக்கு இந்த வசதி பெரிய பயன் தராது, அதற்கு எப்போதும் உச்ச உருப்பெருக்கம்தான் தேவை. பெரிய எறும்புக்கு இது வரம், ஏனெனில் பெரிய எறும்புகளில் பல நம்மைப் பார்க்கின்றன.

பார்ப்பது என்று நான் சொல்வது உருவகம் அன்று. எறும்புகளில் பெரும்பாலானவை மணத்தையும் அதிர்வையும் கொண்டே உலகை அறிகின்றன என்பது உண்மையே. ஆனால் தனித்து வேட்டையாடும் பேரெறும்புகளுக்குக் கண் பெரிது. ஆஸ்திரேலியாவின் மிர்மீசியா பேரினத்து எறும்புகள், அவற்றுள் சில 3 செ.மீ.யையும் தாண்டுபவை, ஒரு மனிதர் ஏறத்தாழ ஒரு மீட்டர் தொலைவில் நகர்ந்தாலே திரும்பிப் பார்த்து, தாடைகளைத் திறந்து எதிர்கொள்ளும். தென்னாசியாவின் ஹார்பெக்னாதஸ் சால்டேட்டர், 1851ஆம் ஆண்டு இயற்கையியலாளர் ஜெர்டன் விவரித்த குதிக்கும் எறும்பு, முகத்தின் முன்புறத்தில் அமைந்த பெரிய கூட்டுக்கண்களால் இரையைக் குறிவைத்துத் தாவிப் பிடிக்கும். இத்தகைய எறும்பின் முன் கேமராவோடு ஒவ்வொரு சென்டிமீட்டராக நெருங்குவது, ஒவ்வொரு முறையும் அதை எச்சரிப்பதற்குச் சமம். ஒரே தொலைவில் நின்று காட்சியை மட்டும் மாற்றும் வசதியின் அருமை அப்போதுதான் புரியும்.

12 செ.மீ. என்பது போதுமான தொலைவா என்று கேட்டால், எந்த எறும்பு என்று திருப்பிக் கேட்பேன். கேம்போனோட்டஸ் பேரினத்துக் கட்டெறும்புகளுக்குக் கொடுக்கு கிடையாது. தாடையால் கடித்து, கடிவாயில் ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சுவதோடு அவற்றின் கோபம் தீர்ந்துவிடும். அவற்றின் முன் 12 செ.மீ. தாராளம். தென்கிழக்காசியக் காடுகளில் இரவில் உலவும் டைனோமிர்மெக்ஸ் கிகாஸ், அதன் பெருந்தலை வேலைக்காரிகள் 28 மி.மீ. வரை வளர்ந்தாலும், இந்தக் கொடுக்கில்லாத குடும்பக் கிளையைச் சேர்ந்ததே. நடு, தென் அமெரிக்க மழைக்காடுகளின் பாராபோனெரா கிளவாட்டாவின் கதை வேறு. கொட்டின் வலியை அளக்கப் பூச்சியியலாளர் ஜஸ்டின் ஷ்மிட் வகுத்த அட்டவணையில் அது 4க்கும் மேல் என்று உச்சியில் வைக்கப்பட்டுள்ளது. அதன் கூடு மரத்தின் அடியில் இருக்க, வேலைக்காரிகள் அதே மரத்தின் தண்டில் ஏறி இறங்கும்; 12 செ.மீ. முன்னால் இருக்கும் எறும்பைப் பார்த்துக்கொண்டிருக்கையில், கவனிக்கப்படாத இன்னொன்று கைமுட்டிக்கு அருகில் வரலாம். ஆஸ்திரேலியாவின் மிர்மீசியா பிலோசுலா கொட்டி ஒவ்வாமை அதிர்ச்சியால் மனிதர்கள் இறந்த நிகழ்வுகளும் பதிவாகியுள்ளன. கொட்டும் எறும்புகளை எடுப்பவர், குறிப்பாகப் பூச்சிக்கடி ஒவ்வாமை உள்ளவர், இந்த வில்லையை விடுத்து இன்னும் தள்ளி நிற்க இடம்தரும் ஒன்றைத் தேடுவதே அறிவுடைமை. கூட்டின் வாயிலில் மண்டியிடும் பழக்கத்தையும் எந்த வில்லையோடும் விட்டுவிட வேண்டும். இரைதேடிப் போகும் ஒற்றை எறும்பு ஓடிவிடும், வாயிலைக் காக்கும் எறும்பு ஓடாது.

அந்தத் தொலைவில் இன்னொரு எதிரி நம் மூச்சு. வில்லை 12 செ.மீ.யில் என்றால், லென்ஸின் நீளத்தையும் சேர்த்து நம் மூக்கு 35 அல்லது 40 செ.மீ.யில் இருக்கும். எறும்புகள் கரியமில வாயுவை உணர்பவை. வெதுவெதுப்பான ஈரக்காற்று திடீரென மேலே பட்டால் கூட்டில் ஏதோ பெரிய விலங்கு வாய் வைத்ததாகவே கொள்ளும். கூட்டின் வாயிலில் அமைதியாக மண் சுமந்துகொண்டிருந்த வரிசை ஒரே மூச்சில் சிதறுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். மூச்சைப் பக்கவாட்டில் விடுவதும், காற்று எறும்பின் பக்கமிருந்து நம்மை நோக்கி வீசும்படி அமர்வதும் பழகிவிட்டால், அதன்பின் ஷட்டரின் ஓசையோ ஃபிளாஷின் மின்னலோ அவற்றைப் பெரிதாகத் தொந்தரவு செய்வதில்லை. தரையில் கால் மாற்றி வைத்தால் மட்டும் உடனே தெரிந்துவிடும். அதிர்வு காலடியிலிருந்து நேராக அவற்றின் கால்களுக்குப் போகிறது.

குவியம் சரிசெய்யும் முறை புதியவர்களைச் சற்று ஏமாற்றும். தானியங்கிக் குவியம் வேலை செய்யும் என்றுதான் பெட்டியைப் பிரித்தவுடன் தோன்றும், ஒரு நாணயத்தை வைத்துப் பார்த்தால் வேலையும் செய்யும். களத்தில் அது பயன்படாது. முதன்மை லென்ஸின் குவிய வளையத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை திருப்பினாலும், தெளிவுத் தொலைவு 12.5 செ.மீ.யிலிருந்து ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் மட்டுமே உள்வாங்கும். எறும்பு அந்தக் குறுகிய பட்டைக்கு வெளியே நின்றால், மோட்டார் முன்னும் பின்னும் அலைந்துகொண்டேயிருக்கும். கைமுறைக்கு மாற்றி, வளையத்தை முடிவிலியில் விட்டுவிட்டு, உடலையே முன்பின் அசைத்துப் பிடிப்பதே சரியான வழி. இடக்கையின் ஓரத்தைத் தரையிலோ கிளையிலோ ஊன்றி, லென்ஸை அந்தக் கையின் மீது கிடத்திக்கொண்டால் அந்த அசைவு கட்டுக்குள் வரும். முக்காலியை நான் இரண்டாம் நாளே வீட்டில் விட்டுவிட்டேன். முக்காலியின் காலை விரிப்பதற்குள் எறும்பு அடுத்த மரத்தில் இருக்கும்.

புல ஆழம், அதாவது படத்தில் முன்பின்னாகத் தெளிவாக விழும் தடிமன், பற்றி இந்த வில்லையைக் குறைகூறுவோர் உண்டு. அந்தக் குறை வில்லையினுடையது அன்று, ஒளியியலினுடையது. எந்த மேக்ரோ லென்ஸ் வாங்கினாலும் அது உடன் வரும். 0.8 மடங்கில் எஃப் 11 துளையில் (எஃப் எண் கூடக் கூட ஒளி நுழையும் துளை சிறிதாகும்), ஏபிஎஸ்-சி சென்சாரில், தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 0.7 மி.மீ.; 1.6 மடங்கில் அது 0.2 மி.மீ.க்கும் கீழே போய்விடும். பெரிய எறும்பின் தலை மட்டுமே 4 மி.மீ. அகலம் இருக்கலாம் என்பதை எண்ணிப் பார்த்தால், முழு எறும்பையும் ஒரே படத்தில் தெளிவாக்குவது நடவாத காரியம் என்பது விளங்கும். செய்யக்கூடியது, எறும்பின் உடலும் சென்சாரும் ஒன்றுக்கொன்று இணையாக அமையும் தருணத்தைப் பிடிப்பது. சரியான பக்கவாட்டில் எடுத்தால் தலை, நெஞ்சு, இடைக்கணு, வயிறு நான்கும் ஒரே தளத்தில் விழும், கால்களில் மூன்று தெளிவாகவும் மூன்று மங்கலாகவும் இருக்கும், கண் அதை ஏற்றுக்கொள்ளும். முக்கால் பக்கக் கோணத்தில் எடுத்தால் கண் தெளிவாக இருந்தாலே போதும். கண் மங்கி முதுகு தெளிந்த படத்தை எவ்வளவு திருத்தினாலும் அது படமாகாது.

பக்கவாட்டுப் படத்துக்கு இன்னொரு பயனும் உண்டு, எறும்பை இனம் காண்பது. கலிஃபோர்னியா அறிவியல் கழகம் நடத்தும் ஆன்ட்வெப் தரவகத்தில் ஒவ்வொரு மாதிரிக்கும் முகம் நேராக, உடல் பக்கவாட்டாக, உடல் மேலிருந்து என மூன்று படங்கள் வைப்பது மரபு. விவரிக்கப்பட்ட எறும்பினங்கள் 14,000க்கும் மேல். ஒரு பேரினத்திலிருந்து இன்னொன்றைப் பிரிக்க, இடையில் கணு ஒன்றா இரண்டா, அதன் மேற்புறம் கூரா மழுங்கலா, நெஞ்சின் முதுகுக்கோடு ஒரே வளைவாக ஓடுகிறதா நடுவில் பள்ளம் விழுகிறதா என்பவற்றைத்தான் வல்லுநர்கள் பார்ப்பார்கள். இவை பக்கவாட்டில்தான் நன்றாகத் தெரியும். மேலிருந்து குனிந்து எடுத்த படத்தில், பத்தில் ஒன்பது பெரிய எறும்புகள் வெறும் பெரிய கறுப்பு எறும்புகளே. நான் இப்போது வழக்கமாகச் செய்வது, முதலில் 100 மி.மீ.யில் பக்கவாட்டுப் படம் ஒன்று, எறும்பு திரும்பினால் 250 மி.மீ.யில் முகம், கடைசியில் அது நகரத் தொடங்கும்போது எழுந்து மேலிருந்து ஒன்று. மூன்றும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுவதற்குக் காரணம் ஜூம் வளையமே. ஒருமுறை அப்படி எடுத்துவந்த முதல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது எட்டுக் கால்கள் இருந்தன; முன்னிரு கால்களை உணர்கொம்புகள் போலத் தூக்கி ஆட்டிக்கொண்டு எறும்பு வேடமிடும் மிர்மராக்னே வகைத் தாவும் சிலந்தி அது. களத்தில் பத்து நிமிடம் அதனோடு இருந்தும் நான் அதை அறியவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒளிக்கு வருகிறேன், பெரிய எறும்புப் படங்கள் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். கறுத்த கட்டெறும்பின் மேலோடு மெருகேற்றிய மரம் போன்றது. தனக்கு முன்னால் உள்ளதையெல்லாம் அது பிரதிபலிக்கும். ஃபிளாஷை நேராக அடித்தால் தலையில் ஒரு வெண்புள்ளியும் வயிற்றில் ஒரு வெண்புள்ளியும் விழுந்து, மற்றதெல்லாம் கரியாகிவிடும். நண்பகல் வெயிலும் அதையேதான் செய்யும். ஒளி மூலம் எறும்பின் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிய வேண்டும், அதற்கு அது பெரிதாக இருக்க வேண்டும் அல்லது அருகில் இருக்க வேண்டும். டிசிஆர்-250 குறுகலான வில்லை என்பதால், அதைச் சுற்றி ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் டிஃப்யூசர் அமைக்க நிறைய இடம் கிடைக்கிறது. வெண்ணிறப் பாலித்தீன் நுரைத் தாளை வளைத்து, நடுவில் வில்லைக்கு ஒரு துளையிட்டு, எறும்பின் மேல் ஒரு சிறு கூரை போலக் கவியும்படி ஃபிளாஷுக்கு முன்னால் பொருத்தினேன். அதன்பின் வெண்புள்ளிகள் அகன்று மென்மையான பளபளப்பாக மாறின. அதுவரை கண்ணுக்கே தெரியாதிருந்த வயிற்றுப் பொன்மயிர்களும், டயாக்கம்மா எறும்பின் மேலோட்டில் கைரேகை போல ஓடும் வரிகளும் படத்தில் வந்தன. இந்தத் தாளுக்கு ஆன செலவு வில்லையின் விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. வில்லையும் தாளும் இரண்டில் எது படத்தை மாற்றியது என்று கேட்டால், தாள் என்றே சொல்வேன்.

அமைப்புகளைப் பொறுத்தவரை, ஷட்டர் 1/200, துளை எஃப் 11, ஐஎஸ்ஓ 200 அல்லது 400, ஃபிளாஷ் கைமுறையில் 1/16 ஆற்றலுக்கு அருகில் என்பதில் தொடங்கினால் பெரும்பாலும் தவறாது. ஆற்றல் குறையக் குறைய ஃபிளாஷ் ஒளிரும் நேரமும் குறைந்து, ஓடும் எறும்பின் காலைக்கூட உறைய வைக்கும். இங்கே துணை வில்லைக்கு மேக்ரோ லென்ஸைவிட ஒரு மேன்மை உண்டு. மேக்ரோ லென்ஸ் ஒரு மடங்குக்கு நீளும்போது, எஃப் 11 என்று குறித்த துளை ஒளியளவில் எஃப் 22க்கு அருகில் நடந்துகொள்ளும். முடிவிலியில் நிற்கும் லென்ஸின் முன் வைத்த துணை வில்லையில் அந்த இழப்பு இல்லை. அதனால் சிறிய ஃபிளாஷே போதும், மின்கலமும் நெடுநேரம் நிற்கும். எஃப் 16க்கு மேல் துளையைச் சுருக்குவதில் பயனில்லை; ஆழம் கூடும், ஆனால் சிறு துளையின் ஓரத்தில் ஒளி வளைந்து பரவும் விளிம்பு விளைவால் மயிர்களின் கூர்மை போய்விடும்.

கூர்மை பற்றிப் பேசும்போது என் பழைய அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இதற்கு முன், திருகிக்கொள்ளும் குளோசப் ஃபில்டர்கள் நான்கு கொண்ட மலிவான தொகுப்பு ஒன்றை, பெயர்கூட இல்லாத தயாரிப்பு, வாங்கியிருந்தேன். ஒற்றைக் கண்ணாடியால் ஆனவை அவை. எறும்பின் கால் ஒவ்வொன்றுக்கும் ஒருபுறம் ஊதா விளிம்பும் மறுபுறம் பச்சை விளிம்பும் இட்டுத் தந்தன, ஓரங்களில் எல்லாம் சேறு பூசியது போலிருந்தது. குளோசப் வில்லைகள் அனைத்தின் மீதும் பலருக்கு இருக்கும் அவநம்பிக்கை இத்தகைய தொகுப்புகளால் வந்ததுதான். டிசிஆர்-250 வேறு இனம்; வெவ்வேறு வகைக் கண்ணாடிகளை இணைத்து நிறப்பிறழ்ச்சியைத் திருத்திய வில்லை அது. படத்தின் நடுவில் அது தரும் கூர்மைக்கு முதன்மை லென்ஸே எல்லையாக அமையும். மூலைகளில் சற்று மென்மை இருக்கிறது. ஆனால் எறும்புப் படத்தின் மூலையில் இருப்பது பெரும்பாலும் மங்கலான இலை, அதைக் கூர்மையாக யாரும் கேட்பதில்லை.

மாற்றுகளோடு ஒப்பிட்டால் அதன் இடம் இன்னும் தெளிவாகும். 1999இல் வெளிவந்த கேனான் எம்பி-இ 65 மி.மீ. ஒரு மடங்கிலிருந்து ஐந்து மடங்கு வரை செல்லும் தனித்துவமான லென்ஸ். எறும்புப் படங்களின் வரலாற்றில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அது ஒரு மடங்கில்தான் தொடங்குகிறது. ஏபிஎஸ்-சி கேமராவில் 25 மி.மீ. எறும்பு அதன் சட்டத்துக்குள்ளேயே அடங்காது. ஐந்து மடங்கில் எறும்புக்கும் லென்ஸுக்கும் இடையே 4 செ.மீ. மட்டுமே இருக்கும். பேரெறும்புகளை எடுப்பவருக்கு அதன் பெருந்திறனில் பாதி வீணாகிவிடும். லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையே மாட்டும் நீட்சிக் குழாய்கள் மலிவானவை, கண்ணாடியே இல்லாததால் கூர்மையைக் கெடுப்பதில்லை; ஆனால் ஒவ்வொரு முறையும் லென்ஸைக் கழற்ற வேண்டும், கழற்றிய கேமராவின் வாய்க்குள் புழுதி போகும், நீண்ட ஜூம்களில் அவை தரும் உருப்பெருக்கமும் குறைவு. 90 அல்லது 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் வைத்திருப்பவர், பெரிய எறும்புகளுக்காக மட்டும் இதை வாங்கத் தேவையில்லை. அவரிடம் உள்ளதே போதும், அதன் தானியங்கிக் குவியம் இதைவிட எவ்வளவோ மேல். மேக்ரோ லென்ஸின் முன்னாலேயே இந்த வில்லையை மாட்டி ஒன்றரை, இரண்டு மடங்குக்குப் போவோரும் உண்டு. அது சிற்றெறும்பு வேட்டைக்காரர்களின் வழி.

களத்தில் இதன் மிகச் சிறந்த குணமாக நான் கருதுவது, ஒரு நொடியில் கழன்றுவிடுவது. வில்லை மாட்டியிருக்கும்வரை 12 செ.மீ.க்கு அப்பால் உள்ள உலகம் முழுவதும் வெறும் மூட்டம். தொலைவில் இருப்பதை அதில் பார்க்கவே முடியாது. இதைக் குறையென்றும் சொல்லலாம். ஆனால் எறும்பின் படத்தோடு அதன் கூடு, அது ஏறும் மரம், காய்ந்த ஓடை, அருகில் நிற்கும் புதர் ஆகியவற்றையும் பதிவு செய்தால்தான் அந்தப் படம் இயற்கைக் குறிப்பாகும். பிடிப்பானை அழுத்திக் கழற்றி, அதே லென்ஸால் சூழலை எடுத்துவிட்டு, மீண்டும் மாட்டிக்கொள்வதற்கு மேக்ரோ லென்ஸை மாற்றும் நேரத்தில் கால்பங்குகூட ஆகாது. கவ்விப் பிடிக்கும் அமைப்பு என்பதால், புதருக்குள் கையை விடும்போது கிளை தட்டினால் கழன்று விழவும் கூடும். அடர்ந்த செடிகளுக்கிடையே வேலை செய்பவர் திருகு வளையத்தைப் பயன்படுத்துவதே நல்லது.

எப்போது எறும்பு நிற்கும் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் எந்த வில்லையும் பயன்படாது. அசுவினிகள் மொய்த்த இளந்தண்டில் கட்டெறும்பு தேன்துளிக்குக் காத்து நிற்கும். இலைக்காம்பில் தேன்சுரப்பி உள்ள செடிகளில் ஒவ்வொரு சுரப்பியிலும் சில நொடிகள் வாய் வைக்கும். முன்காலின் சீப்பு போன்ற அமைப்பில் உணர்கொம்பை இழுத்துத் துடைக்கும்போது முழுதாக நின்றுவிடும். புழுதியில் நடந்து வந்த எறும்பு ஈரமான இலைக்கு ஏறியவுடன் இதைச் செய்வதை அடிக்கடி காணலாம். இரண்டு எறும்புகள் எதிரெதிரே நின்று வாயோடு வாய் வைத்து உணவு பரிமாறுகையில், ஜூமை மெல்லத் திருப்பி இருவரையும், பிறகு அந்தத் துளியை மட்டும் எடுக்கும் அளவுக்கு அவகாசம் கிடைக்கும். கேம்போனோட்டஸ் செரிசியஸ் போன்ற இனங்களில் ஓர் எறும்பு இன்னொன்றைத் தன் பின்னால் தொட்டுத் தொட்டு வரச்செய்து வழிகாட்டிச் செல்லும். பின்னால் வருவது தொடுவதை நிறுத்தினால் முன்னது நின்று காத்திருக்கும், நமக்கு வேண்டியது அந்த நிற்றல்தான். ஒடோன்டோமேக்கஸ் எறும்பு தாடைகளை 180 பாகை விரித்து நிற்பதை எடுக்கலாம், மூடுவதை எடுக்க முடியாது. 2006இல் வெளியான ஆய்வு ஒன்று அந்தத் தாடையின் வேகத்தை நொடிக்கு 35 முதல் 64 மீட்டர் என அளந்தது. தாடையைத் தரையில் மோதித் தன்னையே தூக்கியெறிந்துகொண்டு அது சட்டத்திலிருந்து மறைந்துவிடும்.

இரவில் உலவும் இனங்களுக்குச் சிவப்பு நிறத் தலைவிளக்கு போதும், ஏனெனில் எறும்புகளில் பலவற்றுக்குச் சிவப்பு ஒளி சரியாகத் தெரிவதில்லை. 12 செ.மீ. தொலைவைச் சிவப்பொளியில் கண்ணால் கணிக்கச் சற்றே பயிற்சி வேண்டும்.

எறும்பைப் பிடித்துக் குளிர்ப்பெட்டியில் வைத்து மந்தமாக்கி, பிறகு இலையில் கிடத்தி எடுக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அவ்வாறு எடுத்த படத்தில் கால்கள் உடலோடு மடங்கியும் உணர்கொம்புகள் தொங்கியும் இருக்கும், பழகிய கண் உடனே கண்டுபிடித்துவிடும். இந்த வில்லையின் தொலைவும் வேகமும் அதற்கான தேவையையே நீக்கிவிடுகின்றன என்பதால்தான் இங்கே குறிப்பிடுகிறேன். கல்லைப் புரட்டினால் அதே நிலையில் திருப்பி வைக்கவும் வேண்டும். அதன் அடியில் புழுக்களும் கூட்டுப்புழுக்களும் வெயிலில் கிடக்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்தக் கூட்டுக்கு இழப்பு. மண்ணுக்குரிய பேரெறும்புகள், மஞ்சள் பித்தெறும்பு எனப்படும் அனோப்ளோலெபிஸ் கிராசிலிபெஸ் போன்ற வந்தேறி இனங்கள் பெருகிய இடங்களில் பின்வாங்கிவிடுகின்றன. ஆகவே தெளிவான பக்கவாட்டுப் படம், நாள், இடம் ஆகியவற்றோடு சேர்த்து வைக்கப்பட்டால், பின்னொரு காலத்தில் அங்கே எது இருந்தது என்று தேடுபவருக்குச் சான்றாகும்.

கடைசியாக, வாங்குமுன் எண்ணிப்பார்க்க வேண்டிய ஒன்று. இதே வரிசையில் டிசிஆர்-150 என்றொரு வில்லை உள்ளது, திறன் 4.8 டயாப்டர், தொலைவு ஏறத்தாழ 21 செ.மீ. 250 மி.மீ. ஜூமில் அது 1.2 மடங்கு தரும், 20 மி.மீ.க்கு மேற்பட்ட எறும்புகளுக்கு அதுவே முழுதும் போதுமானது. கட்டெறும்புகளோடு சில நேரம் சிற்றெறும்புகளையும் எடுக்க விரும்புபவருக்கு 250 சரியான தேர்வு, எனக்கும் அதுவே. கொட்டும் எறும்புகள், நம்மைக் கண்டு திரும்பும் எறும்புகள், 3 செ.மீ.யை எட்டும் எறும்புகள் ஆகியவற்றோடு மட்டுமே பொழுது கழியும் என்று தெரிந்தவர், கூடுதல் 8 அல்லது 9 செ.மீ.க்காக 150ஐ எடுத்துக்கொள்ளட்டும். டிஃப்யூசர் தாளை மட்டும் அதற்கேற்ப இன்னும் நீளமாக வெட்டிக்கொள்ள வேண்டியிருக்கும்.